பாட்டெடுத்துக் கொடுப்பவர்



எங்கள் செட்டிநாட்டுச் சிற்றூர்களில் முளைப்பாரி எடுக்கும் நாள்களில், பாரிகளை நடுவே வைத்துப் பெண்கள் வட்டமாக நின்று கும்மியடிப்பார்கள். பார்ப்போர் கண்கள் வட்டத்தின் மீதே இருக்கும். வட்டத்தை நடத்துகிறவளை யாரும் தனித்துக் கவனிப்பதில்லை. அவளுக்கென்று தனி உடை கிடையாது; தனி இடமும் கிடையாது. ஆயினும் அவள் ஓரடி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர் பாடுவர். அப்பெண்மணியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அவள் வேலை எளிதன்று. அவள் பாடிய அடியை மற்றவர் திருப்பிப் பாடும் சிறு இடைவேளையில்தான் அவள் மூச்சு வாங்க வேண்டும். அடுத்த அடியை நினைவிற் கொணர வேண்டும். வட்டத்தைக் கண்ணால் அளக்கவும் வேண்டும். புதிதாகச் சேர்ந்த சிறுமி கைதட்டத் தடுமாறினால், விரைவு கூட்ட எண்ணியதை ஒத்திப்போட்டு, பழைய நடையிலேயே இன்னும் இரண்டு அடிகள் பாடுவாள். கடைசி வரிசைப் பிள்ளையின் முகம் பார்த்துப் பாடத்தின் வேகத்தை மாற்றும் வித்தையை ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளியின் வாசலை மிதியாத இம்மூதாட்டியர் அதை யாரிடம் கற்றார்களோ!

இது பழைய மரபு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு கன்னியர்க்கும் இசையின் பெயரிட்டு மாதரி அவர்களை நிறுத்துகிறாள். ஒயிலாட்டத்தில் வாத்தியார் உண்டு. பரதத்தில் சொற்கட்டுச் சொல்லும் நட்டுவனார் உண்டு. கொங்கு நாட்டில் வள்ளி ஒயில் கும்மியைக் கற்பித்து வந்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பின்னல் கோலாட்டத்தைப் பாருங்கள். மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, கோலடித்தவாறே உள்ளும் புறமும் மாறிச் செல்ல, கயிறு சடைபோல் பின்னிக்கொண்டு வரும். அதை அவிழ்க்க, வந்த வழியே திரும்பி ஆட வேண்டும். திரும்பும் கணத்தை அனைவரும் ஒருங்கே அறிதல் வேண்டும். ஒருத்தி ஓரடி மிகுதியாகச் சென்றாலும் முடிச்சு விழுந்துவிடும். பின்பு ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றோடு மல்லாட வேண்டியதுதான்.

அமெரிக்க நாட்டின் சதுர ஆட்டத்தில் நான்கு இணையர், எண்மர், சதுரமாக நிற்பர். அடுத்து என்ன ஆடுவது என்பது அவர்களுக்குத் தெரியாது. அழைப்பாளர் ஒருவர் அவ்வப்போது கூவிச் சொல்வார். வரிசையை அங்கேயே மனத்தில் அமைத்துக்கொள்வார். வட்ட ஆட்டத்திலோ அடிகள் முன்பே வகுக்கப்பட்டவை. குறிப்பாளர் அவற்றைத் தாளத்திற்குச் சற்று முன்னதாக நினைவூட்டுவார். அந்த 'முன்னதாக' என்பதில்தான் திறமை முழுவதும் இருக்கிறது. சொல் தாளத்தோடு சேர்ந்து வந்தால் கால் பிந்திவிடும். மிக முந்தி வந்தால் கால் அவசரப்பட்டுவிடும். கொலராடோவில் பள்ளிக்கூடத் தலைவராயிருந்த லாயிடு ஷா என்பவர் தம் மாணவர்களுக்கே இவ்வாட்டங்களைப் பழக்கி, 1939-இல் அவை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். நம் தலைமையாசிரியர்களுள் இப்படி ஒருவர் கும்மிக்கு வாய்த்திருக்கலாகாதா என்று எனக்கு ஏக்கமுண்டு.

ஏக்கத்திற்குக் காரணம் உண்டு. இப்போது பல ஊர்களில் பதிவு செய்த கும்மிப் பாட்டை ஒலிபெருக்கியில் வைத்து ஆடுகிறார்கள். குரல் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குரலுக்குக் கண் இல்லை. சிறுமி தடுமாறினாலும் அது தன் வேகத்திலேயே போகும். தடுமாறியவள் ஒதுங்கிவிடுகிறாள், களைத்த பாட்டி அமர்ந்துவிடுகிறாள், வட்டத்தில் நன்றாக ஆடத் தெரிந்தவர் மட்டும் எஞ்சுகின்றனர். பாட்டெடுப்பவளும் ஓர் ஓரமாக நின்று பார்க்கிறாள்.

உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். கைப்பேசியில் பதிவு செய்யும்போது அவர் முகத்தை மட்டும் படமெடுக்காதீர்கள். வட்டம் முழுவதும் தெரியுமாறு எடுங்கள். எந்த இடத்தில் நடையை மாற்றினார், யாரைக் கண்டு மாற்றினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். திண்ணையில் தனியே அமர்த்திப் பாடச் சொன்னால், மறந்துபோயிற்று என்பார். நான்கு பேர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்குங்கள். பாட்டு தானே வரும்.