வளர்ந்த பிள்ளையின் சீற்றம்

ஆட்டிசம் உள்ள மகன் 6 வயதில் கையை ஓங்கினால் நாம் அணைத்துக்கொள்கிறோம். 16 வயதில் அதே கை நம் கையைவிட வலுவானது. உடனே, "வளர வளர முரடனாகிவிட்டான்" என்கிறோம். பல வேளைகளில் மாறியது உடல்தான், குணமன்று.

அடம் வேறு, இது வேறு. அடம்பிடிக்கும் பிள்ளை நம்மை ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் ஓயும். இரைச்சலோ வெளிச்சமோ வழக்கம் மாறிய கலக்கமோ தாங்காமல் பொங்குகிறவன், எதைக் கொடுத்தாலும் உடனே அடங்கமாட்டான். அதட்டலும் அவனுக்கு இன்னோர் இரைச்சல்தானே! விளக்கைத் தணித்து, பேச்சைக் குறைத்து, மற்றப் பிள்ளைகளை அப்பால் அனுப்புவோம்.

அமைதியாக இருந்தவன் திடீரென அடிக்கத் தொடங்கினால், முதலில் அவன் வாயைத் திறந்து பார்ப்போம். சொத்தைப் பல், காதுவலி, மலச்சிக்கல். பேச வராதவன் இவற்றை எப்படிச் சொல்வான்? அமைதிப்படுத்தும் மாத்திரை கேட்பதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டுவோம்.