பழைய புத்தகக் கடையில் கண்ட புதுமை



வெளியூர்ப் பயணத்தில் பழைய புத்தகக் கடையைக் கண்டால் நம் கால்கள் தாமே நின்றுவிடும். கல்கத்தா காலேஜ் தெரு நடைபாதையில், வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட ‘கால யந்திரம்’ என்னும் ஆங்கில நாவலைத் தேடினோம். அதனருகே ஜகதீச சந்திர போஸின் வங்காள நூலான ‘அவ்யக்தா’ கிடந்தது. அம்மொழி அறியாத நமக்குக் கடைக்காரரே அதிலுள்ள விஞ்ஞானக் கதையொன்றைச் சொன்னார். 1896-இல் முதலில் எழுதப்பெற்ற கதை அது. ஒரு புட்டி கூந்தல் தைலம் கடற்புயலையே அடக்கிவிடுகிறது!

விஞ்ஞானப் பேரறிஞர் தம் தாய்மொழியில் கதை புனைய நாணவில்லை. நம் குழந்தைகளோ தமிழெழுத்து அறியாமலே வளர்கின்றனர். நாம் சேர்த்த தமிழ் நூல்கள் நாளை எடைக்குப் போகாதிருக்க, நாள்தோறும் ஒரு பக்கமேனும் அவர்களோடு அமர்ந்து படிப்போமாக.