ஆபத்து வேளையில் அயலவர் கடமை

(ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியமும் சமயமும் பேசப்படுவதே பெருவழக்கு. எனக்கு இன்று அளிக்கப்பட்ட பொருளோ முதலுதவி. இது சிறிய பொருள் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஒருவர் நம் கண்முன்னே மூச்சற்று விழுந்து கிடக்கும்போது நாம் கற்ற கல்வியும், வகித்த பதவியும், சேர்த்த செல்வமும் அந்நேரத்துக்கு உதவமாட்டா. நம் இரு கைகளுக்கும் ஏதேனும் தெரியுமா என்ற வினா மாத்திரமே எஞ்சி நிற்கும். அவ்வினாவுக்கு இச்சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் "தெரியும்" என்று விடை பகர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

"வைத்தியசாலை இருக்கிறது, அம்பியுலன்ஸ் இருக்கிறது, நாம் ஏன் இதைக் கற்கவேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டில் வடக்கிற்கும் வந்து, பின்னர் நாடெங்கும் பரவிய 1990 அம்பியுலன்ஸ் சேவை நமக்குக் கிடைத்த பெரும் பேறு. கட்டணம் எதுவுமில்லை. ஆயினும், இருதயம் நின்றுவிட்டால் மூளை எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதடையத் தொடங்குகின்றது. எவ்வளவு விரைந்து வந்தாலும், பிரதான வீதியைக் கடந்து, வளைந்து வளைந்து செல்லும் ஒழுங்கைகளுக்குள் புகுந்து, வேலிப் படலைத் திறந்து, ஒரு வண்டி அந்த நேரத்துக்குள் வந்து சேருதல் அரிது. அந்த இடைவெளியை நிரப்பத்தக்கவர் பக்கத்தில் நிற்கும் அயலவர் ஒருவரே.

சி. பி. ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இருதய சுவாச மீளுயிர்ப்பு முறை வைத்தியர்க்கு மாத்திரம் உரிய வித்தை அன்று. அதன் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் எனக் கண்டு, 1960ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்த மூவரில் முதல்வரான வில்லியம் கௌவென்ஹோவன் ஒரு மின் பொறியியலாளர். வைத்தியரல்லர். அதே ஆண்டிலே இம்முறையைப் பழகுவதற்கென ஒரு பொம்மையைச் செய்து வெளியிட்ட ஓஸ்முன் லார்டல் என்பவர் நோர்வே நாட்டிலே விளையாட்டுப் பொம்மை செய்து விற்றவர். நீரில் மூழ்கிய தம் சிறு மகனைத் தாமே காப்பாற்றிய தந்தை அவர். பொறியியலாளரும் பொம்மை செய்பவரும் உலகுக்குத் தந்த கைமுறையை, விவசாயியும் ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் ஏன் கற்கக்கூடாது?

முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். விழுந்து கிடப்பவரின் தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். அசைவில்லையாயின் நெஞ்சு ஏறி இறங்குகின்றதா என்று பாருங்கள். பத்து வினாடிகளுக்கு மேல் இதிலே செலவிடலாகாது. இடையிடையே வாயைத் திறந்து மீன் போல ஏங்கி இழுப்பது சுவாசமன்று. அதைக் கண்டு "உயிர் இருக்கிறது, பொறுங்கள்" என்று காத்திருந்து காலத்தை இழத்தல் கூடாது. உடனே ஒருவரைப் பெயர் சொல்லி ஏவி, 1990ஐ அழைக்கச் செய்யுங்கள். "யாராவது அழையுங்கள்" என்று பொதுவாகக் கூவினால், எல்லாரும் மற்றவர் அழைப்பார் என்று நின்றுவிடுவர்.

பின்பு அவரை உறுதியான தரையிலே மல்லாக்காகக் கிடத்துங்கள். மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப் பாதியில், ஒரு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தை வைத்து, மற்றக் கையை அதன்மேல் வைத்து, முழங்கை மடியாமல் உடற்பாரம் முழுவதையும் கொண்டு அழுத்துங்கள். வளர்ந்தவருக்கு நெஞ்சு ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் வரை தாழ வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ இடங்கொடுக்க வேண்டும், அப்பொழுதுதான் இருதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். பயிற்சி பெற்றவராயின் 30 அழுத்தங்களுக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதலாம். அதற்கு மனம் ஒவ்வாதவர் நெஞ்சை மாத்திரம் இடைவிடாது அழுத்தினாலும் பயனுண்டு. சுவாசம் திரும்பும் வரையிலோ, அம்பியுலன்ஸ் ஊழியர் வந்து பொறுப்பேற்கும் வரையிலோ நிறுத்தலாகாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நன்றாக அழுத்துவோர் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவர். கைமாற வேண்டும். வண்டி வரப் பதினைந்து நிமிடம் செல்லுமாயின் ஆயிரத்துக்கு மேற்பட்ட அழுத்தங்கள் தேவைப்படும். ஆகவே ஊருக்கு ஒருவர் கற்றிருந்தால் போதாது, ஒழுங்கைக்கு நால்வர் ஐவர் கற்றிருக்க வேண்டும். தனி மனிதர் கற்கும் கல்வியாக இது முடியாது. சங்கமாகக் கூடியே கற்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

நீரில் மூழ்கியவர் விடயத்தில் முறை சற்று வேறு. நம் வளவுகளிலே கட்டில்லாத கிணறுகள் இன்னும் உள. குளமும் கடலும் அருகே உள. நீந்தத் தெரியாதவர் பின்னே குதித்து இருவராக மாளும் துயரத்தை நாம் பலமுறை செய்தித்தாளில் வாசித்திருக்கிறோம். முதலில் கயிற்றையோ, மூடிய வெறும் பிளாஸ்ரிக் கலனையோ, நீண்ட தடியையோ எறிந்து அல்லது நீட்டி உதவுங்கள். கரைசேர்த்த பின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுதலும் வயிற்றை அமுக்கி நீரெடுத்தலும் வேண்டா. அவற்றால் காலம் வீணாவதோடு வாந்தி நுரையீரலுக்குள் புகவும் கூடும். அவர் இழந்தது மூச்சு. ஆதலால் முதலில் இரண்டு முதல் ஐந்து முறை மூச்சு ஊதிவிட்டு, அதன்பின் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

இனி, இக்கல்விக்குக் குறுக்கே நிற்கும் தடைகளைப் பற்றிச் சபையோர் முன் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன்.

முதலாவது, அச்சம். "அழுத்தும்போது விலா எலும்பு முறிந்தால்?" என்கிறார்கள். முறியக்கூடும் என்பது உண்மை. முறிந்த எலும்பு சில கிழமைகளிற் பொருந்தும். நின்ற இருதயமோ தானே ஓடமாட்டாது.

இரண்டாவது, கூச்சம். விழுந்தவர் பெண்ணாயின் ஆண்கள் தயங்குகின்றனர். நம்மவர் மாத்திரமல்லர், பொது இடத்திலே வீழும் பெண்களுக்கு ஆண்களிலும் குறைவாகவே அயலார் இவ்வுதவி செய்கின்றனர் என்று மேனாடுகளில் ஆராய்ந்தோரும் கண்டிருக்கின்றனர். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நான்கு பெண்கள் சேலையையோ விரிப்பையோ பிடித்து மறைப்புச் செய்யலாம். அதனிலும் சிறந்தது, பெண் பிள்ளைகள் தாமே இக்கலையைக் கற்றிருத்தல். ஆகவே பயிற்சி வகுப்பு ஆடவருக்கு மாத்திரம் நடத்தப்படுமாயின் பாதி ஊரைக் கைவிட்டவராவோம்.

மூன்றாவது, தீட்டு என்னும் எண்ணம். கோயிலுக்கு முழுகி வந்தவர் தொடலாமா என்று தயங்குவோர் உளர். பெரியோர்கள் என்னை மன்னிக்க வேண்டும். உயிருக்குப் போராடும் ஒருவரைத் தொட்டதனால் வந்த தீட்டு ஒரு வாளி கிணற்று நீரிலே போய்விடும். தொடாது விட்டதனால் வந்த பழி எத்தனை தீர்த்தமாடினும் போகாது.

நான்காவது, இளைஞர் மனத்தில் இருப்பது. "நான் செய்தும் அவர் இறந்துவிட்டால்?" இதற்கு இனிப்பான மறுமொழி என்னிடம் இல்லை. இருதயம் நின்றவர்களுட் பலர், எல்லாம் முறையாகச் செய்தபோதும் மீள்வதில்லை. இவ்வுண்மையை மறைத்துப் பயிற்றுவித்தல் இளைஞருக்குச் செய்யும் தீங்கு. ஆனால் இருதயமும் மூச்சும் நின்றவர், எவரும் ஒன்றும் செய்யாவிடின் மீளவே மாட்டார். உங்கள் கை அவருக்குக் கேடு சேர்ப்பதில்லை, ஒரு வாய்ப்பையே சேர்க்கிறது. முயன்று இழந்த இளைஞன் வீடு திரும்பும்போது, "நீ செய்யவேண்டியதைச் செய்தாய்" என்று சொல்லும் கடமை பெரியோர்களாகிய உங்களுடையது.

அன்றாடம் நேரும் ஏனைய இடர்களுக்கும் சில சொல்லவேண்டும். உணவு தொண்டையில் அடைத்து, பேசவும் இருமவும் இயலாது தவிப்பவரை முன்னே குனியச் செய்து, தோட்பட்டைகளுக்கு இடையே ஐந்து முறை பலமாக அறையுங்கள். பயனில்லையாயின் பின்னே நின்று, கொப்பூழுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுங்கள். அடைப்பு நீங்கும் வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றை விடுத்து மார்பிலே செய்யவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் முன்கையிலே குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பின்பு நிமிர்த்தி இரு விரலால் மார்பில் ஐந்து அழுத்து.

விளக்கிலோ கர்ப்பூரச் சுடரிலோ சேலை பற்றிக்கொண்டால் ஓடுதல் கூடாது. ஓடினால் தீ வளரும். நிலத்திலே கிடத்திப் புரட்டுங்கள். தடித்த பருத்திப் போர்வையால் மூடுங்கள். சுட்ட புண்ணின்மீது ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுங்கள். பற்பசை, வெண்ணெய், மை, பனிக்கட்டி ஒன்றும் வேண்டா. குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுப்பிக்க முயலாதீர்கள். அது நுரையீரலுக்குட் செல்லுமாயின் ஆபத்துப் பெரிதாகும்.

பனையோ தென்னையோ ஏறும் தொழிலாளி தவறி விழுந்தால், நால்வர் கைகாலைப் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியிலே மடக்கி ஏற்றுவது நம் வழக்கம். அன்பினாற் செய்யும் இச்செயலே முள்ளந்தண்டு நரம்பை அறுத்து அவரை வாழ்நாள் முழுவதும் நடக்கவியலாதவர் ஆக்கிவிடலாம். தலையையும் கழுத்தையும் அசையாது பிடித்துக்கொண்டு அம்பியுலன்சுக்குக் காத்திருங்கள்.

வலிப்பு வந்தவர் கையிலே திறப்பையும் இரும்பையும் திணிப்பதனாற் பயனில்லை. வாய்க்குள்ளே எதையும் வைக்கவும் வேண்டா. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றித் தலைக்குக் கீழ் மெதுவான துணி வையுங்கள். வலிப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990ஐ அழையுங்கள்.

பாம்புக்கடியைப் பற்றி முதியோருடன் வாதிட நான் வரவில்லை. விஷகடி வைத்தியரிடம் சென்று பிழைத்தோர் பலர் உளர் என்பது மெய். நஞ்சில்லாப் பாம்புகளே மிகுதி. நஞ்சுடையனவும் கடிக்குந்தோறும் நஞ்சைச் செலுத்துவதில்லை. இவ்வாறு தப்பியோரும் அப்பட்டியலிற் சேர்ந்துவிடுகின்றனர். ஆனால் புடையனோ நாகமோ நஞ்சைச் செலுத்திவிட்டால், அதை முறிக்கும் மருந்து வைத்தியசாலையிலேதான் ஏற்றப்படுகின்றது. இறுகக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட அவயவத்தை அசையாது வைத்து, நேரே அங்கு கொண்டுசெல்லுங்கள்.

சபையோர்களே, கேட்டதனால் மாத்திரம் கைக்குப் பழக்கம் வராது. நீச்சலைப் பற்றிய சொற்பொழிவு கேட்டு நீந்தியவர் உண்டோ? ஆகவே சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன். செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்தோ சென் ஜோன்ஸ் அம்பியுலன்ஸ் அமைப்பிலிருந்தோ பயிற்றுநரை அழைத்து, பொம்மையின்மேற் கைபழகும் வகுப்பொன்றை நடத்துவோமாக. பழகாத கை சில மாதங்களிலே மறந்துவிடுமாதலால், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்போமாக. தேர்த் திருவிழாவின்போது பயின்ற தொண்டர் குழுவொன்றை நிறுத்தி, அம்பியுலன்ஸ் நுழைய ஒரு வழியைச் சனக்கூட்டத்தினிடையே எப்போதும் திறந்து வைப்போமாக. வீட்டுக்கு இலக்கமில்லாத ஒழுங்கைகளிலே, அழைத்தவுடன் ஒருவர் முகப்புக்கு ஓடிச்சென்று வண்டிக்கு வழிகாட்டும் வழக்கத்தை ஏற்படுத்துவோமாக.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சில சனிக்கிழமை மாலைகளும் பெரியோரின் அனுமதியும் போதும். அந்த அனுமதியைத்தான் இன்று நான் யாசிக்கிறேன். வீதியிலே ஒருவர் விழுந்து, உங்கள் மகனோ மகளோ முன்னே அடியெடுத்து வைக்கும்போது, "தொடாதே, வீண் வம்பு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விழுந்தவர் வீட்டிலும் அவருக்காகக் காத்திருப்போர் உளர். நாளை நீங்கள் விழும்போது உங்கள் பிள்ளை வெளியூரில் இருக்கக்கூடும். அன்று உங்கள் அருகே நிற்பது அடுத்த வீட்டுப் பிள்ளையே. அந்தப் பிள்ளைக்குக் கைமுறை தெரிந்திருக்க இன்றே ஆவன செய்வோமாக.