பட்டையைச் சேர்த்தோம், ஷாக்கை மறந்தோம்: தாராசுரம் ரோட்டில் ஒரு கேரவன் பாடம்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும், முன் மண்டபத்தையே ஒரு தேர் மாதிரி செதுக்கியிருப்பாங்க. கல் சக்கரம், இழுத்துக்கிட்டுப் பாயுற குதிரை. 12ஆம் நூற்றாண்டுல இரண்டாம் ராஜராஜன் கட்டின கோயில். அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னு என் நண்பன் சொன்னான்: "இந்தத் தேருக்கு ஒரு வசதிடா. நகராது. அதனால ஷாக் அப்சார்பர் வேணாம்."

எனக்குச் சிரிப்பு வரல. அரை மணி நேரம் முன்னாடிதான் எங்க கேரவன் ஒரு வயல்ல இறங்கப் பார்த்துச்சு.

கேரவன்னா ஷூட்டிங்ல நிக்கிற பெரிய பஸ் இல்ல. நானும் அவனும் காசு போட்டு வாங்கின ஒரு பழைய டெம்போ டிராவலர். 1987ல வந்த மாடல் வரிசை. கம்பெனி பேரு 2005லயே பஜாஜ் டெம்போல இருந்து ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆயிடுச்சு, நம்ம வாயில மட்டும் இன்னும் டெம்போதான். சீட்டைக் கழட்டிட்டு கட்டில், அடுப்பு மேடை, 150 லிட்டர் தண்ணி டேங்க், பேட்டரி, கூரை மேல ஏசி எல்லாம் வெச்சோம். ஆர்.சி.லயும் மாத்திக்கிட்டோம்.

கும்பகோணம் தாண்டி ஒரு கல்வெர்ட் ஏறினோம். முன்பக்கம் தூக்குச்சு, பின்பக்கம் அமுங்குச்சு. அந்த ஆட்டம் நிக்கிறதுக்குள்ள அடுத்த கல்வெர்ட். ஸ்டீயரிங் கையில லேசாயிடுச்சு. இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணுல இறங்கிடுச்சு. கீழ நடவு முடிஞ்ச வயல். பின்னாடி கட்டில்ல படுத்திருந்த அம்மாவுக்கு அலமாரியில தலை இடிச்சது. வண்டி நின்னதும் அவங்க சொன்ன ஒரே வார்த்தை: "மாட்டு வண்டி தேவலாம்."

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடிதான் சஸ்பென்ஷன் வேலை பார்த்திருந்தோம். பின்பக்கம் தாழ்ந்து போச்சுன்னு லீஃப் ஸ்பிரிங்ல ரெண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலா போட்டோம். உயரம் வந்துருச்சு, பிரச்சினை தீர்ந்ததுன்னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டோம். ஷாக்கைத் தொடவே இல்ல.

ஷாக் என்னதான் பண்ணுது?

நிறைய பேர் ஷாக்தான் வண்டியைத் தாங்குதுன்னு நினைக்கிறாங்க. இல்ல. எடையைத் தாங்குறது ஸ்பிரிங். ஆனா ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கினா ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். அதுக்கு முட்டுக்கட்டை போடுறதுதான் ஷாக். உள்ள ஒரு பிஸ்டன், சின்னச் சின்ன ஓட்டை வழியா ஆயிலைத் தள்ளும். ஆட்டத்தோட சக்தி சூடா மாறி வெளியேறும்.

இப்போ கொஞ்சம் காலேஜ் பாடம். ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும்னு சொல்ற எண்ணுக்கு டாம்பிங் ரேஷியோன்னு பேரு. எடையையும் ஸ்பிரிங்கோட கடினத்தையும் பெருக்கி, அதோட வர்க்கமூலத்தால வகுத்தா இது குறையும். உதாரணத்துக்கு எடை 1.6 மடங்கு ஆச்சு, பட்டை சேர்த்ததால ஸ்பிரிங் 1.25 மடங்கு கடினமாச்சுன்னு வைங்க. பெருக்கினா 2. வர்க்கமூலம் சுமார் 1.4. அதே ஷாக், புதுசாவே இருந்தாலும், கிட்டத்தட்ட 30 சதவீதம் பலம் குறைஞ்ச மாதிரி. பட்டை சேர்த்தா உயரம் திரும்பும், ஆட்டம் கூடும். நாங்க பண்ணினது அதைத்தான்.

டெல்டா ரோடு இதை அப்படியே அம்பலப்படுத்தும். நூறடிக்கு ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு கல்வெர்ட். கான்கிரீட் அசையாது. ரெண்டு பக்கமும் களிமண் மேல போட்ட ரோடு கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். ரோடே அலை மாதிரி ஆயிடும். பள்ளம்னா ஒரு குத்தோட போயிடும். அலை வண்டியைத் தாலாட்டும். அந்தத் தாலாட்டை அடக்குறது முக்கியமா ஷாக்தான்.

எடை மேடை முதல்ல, கடை அப்புறம்

கும்பகோணத்துல ஒரு லாரி மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அவர் கீழ குனிஞ்சு நாலு ஷாக்குக்கும் பக்கத்துல கையைக் கொண்டு போனார். "ஓடி வந்த ஷாக் சுடணும் தம்பி. உங்க பின்னாடி ரெண்டும் ஜில்லுனு இருக்கு. வேலையே செய்யல." ஆயில் வடிஞ்சு, தூசி ஒட்டி, கருப்பா இருந்துச்சு. டயர்லயும் அங்கங்க திட்டுத் திட்டா தேய்மானம். கார்ல பானெட்டை அமுக்கிப் பார்ப்போமே, அந்த டெஸ்ட் இவ்வளவு கனமான வண்டிக்கு உதவாது.

உடனே புது ஷாக் வாங்கலாம்னு சொன்னேன். "முதல்ல எடை போடுங்க"ன்னாரு. டேங்க் ஃபுல், டீசல் ஃபுல், நாங்க எல்லாரும் உள்ள. ஒரு ரைஸ் மில் எடை மேடையில முன் அச்சைத் தனியா, பின் அச்சைத் தனியா, மொத்தத்தையும் போட்டோம். ஆர்.சி.ல இருக்கிற மொத்த எடையைவிட 120 கிலோ அதிகம். எந்த ஷாக்கும் இதைச் சரி பண்ணாது. பிரேக்கும் டயரும் அந்த ஆர்.சி. எடைக்குத்தான் செஞ்சது. ஒரு பேட்டரியை இறக்கினோம், டேங்க்ல பாதிக்கு மேல தண்ணி வேணாம்னு முடிவு பண்ணினோம்.

எதை வாங்குறது?

ட்வின் ட்யூப்: குழாய்க்குள்ள குழாய். விலை கம்மி. வெளிக்குழாய்ல கல் அடிச்சு லேசா நசுங்கினாலும் ஓடும். ஆனா விடாம ஆடினா சோடா பாட்டிலைக் குலுக்கின மாதிரி ஆயில் நுரைக்கும், பிடி விட்டுப்போகும். உள்ள கொஞ்சம் கேஸ் அடைச்ச ரகம்னா நுரைக்கிறது குறையும்.

மோனோ ட்யூப்: ஒரே குழாய். நைட்ரஜன் தனி அறையில அழுத்தத்தோட இருக்கும். சூடு நேரா வெளிய போகும். 1950கள்லயே பில்ஸ்டீன் இதை மெர்சிடிஸ் கார்களுக்குக் கொடுத்துச்சு. விலை அதிகம், பெரிய நசுங்கல் வந்தா அவ்வளவுதான்.

நாங்க நம்ம ஊர்ல கிடைக்கிற கேஸ் ட்வின் ட்யூப்பே வாங்கினோம். கனமான லோடுக்குன்னு அந்த வண்டி லிஸ்ட்லயே இருக்கிற ரகம். பயணி வண்டி ஷாக்கை காலியா ஓடுறதுக்கும் ஃபுல்லா ஓடுறதுக்கும் நடுவுல சமரசம் பண்ணித்தான் வடிவமைப்பாங்க. கேரவன் எப்பவுமே ஃபுல் லோடு. அதனால அந்த எடைக்குப் பாருங்க. அதுக்காக பெரிய லாரி ஷாக்கை நீளம் மட்டும் ஒத்துப்போகுதுன்னு மாட்டாதீங்க. ரொம்பக் கடினமானா ஒவ்வொரு குத்தும் அலமாரி ஸ்க்ரூ வரைக்கும் வரும்.

அளவு எடுக்கும்போது முழுசா அமுங்கின நீளம், முழுசா விரிஞ்ச நீளம் ரெண்டும் வேணும். பட்டை சேர்த்து வண்டி உயர்ந்திருந்தா பழைய நீள ஷாக் விரியுறப்போ முட்டும்.

மாட்டும்போது

ஜாக்கி மேல மட்டும் நிக்கிற வண்டிக்குக் கீழ போகாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க. ஒரே அச்சுல ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. ட்வின் ட்யூப்பை நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை இழுத்து அமுக்கிக் காத்தை வெளியேத்துங்க. ரொம்ப முக்கியமானது: புஷ் போல்ட்டைக் கடைசியா இறுக்குறது சக்கரம் தரையில இருந்து, வண்டியோட எடை மேல இறங்கின அப்புறம். தொங்குறப்போவே இறுக்கினா ரப்பர் புஷ் முறுக்கினபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

மறுநாள் அதே கல்வெர்ட்டுக்குப் போனோம். வண்டி ஒரு தடவை எழும்புச்சு, உட்கார்ந்துச்சு. அடுத்த கல்வெர்ட் வர்றப்போ அமைதியா இருந்துச்சு. மெத்தை மாதிரி ஆயிடல, குத்து இன்னும் தெரியுது. ஆனா ஸ்டீயரிங் கையில இருந்துச்சு.

அம்மா இந்தத் தடவை பின்னாடி படுக்கல. முன் சீட்ல பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஓடுற வண்டியில கட்டில்ல யாரையும் படுக்க வைக்கக் கூடாதுன்னு எங்களுக்கு அப்பதான் உறைச்சது.

உங்க வண்டியை ஃபுல் லோடோட எடை போட்டுப் பார்த்திருக்கீங்களா? இல்லைன்னா இந்த வாரம் போட்டுட்டு, என்ன எண் வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.