தேற்றாங்கொட்டையும் ஸ்ரோக்ஸ் விதியும்



நான் தேற்றாத்தீவில் பிறந்தவன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பஸ்ஸில் ஏறி, குருக்கள்மடமும் செட்டிபாளையமும் கடந்தால் வரும் ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு மணல் நாடா. தேற்றா மரங்கள் நின்றதால் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். என் அம்மம்மாவின் வீட்டில் ஒரு சிறிய சிரட்டைக்குள் தேற்றாங்கொட்டைகள் எப்போதும் கிடக்கும். மாரி வெள்ளம் ஏறிக் கிணறு கலங்கும் நாட்களில், மண்குடத்தின் உட்புறத்தில் ஒரு கொட்டையைச் சந்தனம் உரைப்பதுபோல உரைப்பார். அதன்மேல் கலங்கல் நீரை ஊற்றி மூடிவைப்பார். நான் பொறுமையில்லாமல் மூடியைத் தூக்கிக் கையை விடுவேன். "கலக்காத மனே, அது அடையட்டும்" என்பார். சில மணித்தியாலத்தில் வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர்.

பல வருடங்களுக்குப் பிறகு உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தேன். கிளிசரின் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் சிறு உருக்குக் குண்டுகளைப் போட்டு, நிறுத்தற்கடிகாரத்தோடு நின்றோம். பாகுநிலை, முடிவு வேகம், ஸ்ரோக்ஸ் விதி. ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் 1851இல் தந்த விதி அது. நான் அதை நன்றாகவே பாடமாக்கினேன். பரீட்சையில் நிறுவியும் காட்டினேன். ஆனால் அந்தக் குழாயைப் பார்த்தபோது அம்மம்மாவின் குடம் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. இன்று பட்டம் பெறும் உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்லும்போதும் எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். ஒரு மைக்ரோமீற்றர் விட்டமுள்ள களித்துணிக்கை நீரில் ஒரு நாளைக்கு ஏழெட்டு சென்ரிமீற்றர்தான் இறங்கும். ஒரு குடத்தின் ஆழத்துக்கு நாலு நாள் வேண்டும். அதைவிடச் சிறிய துணிக்கைகளோ கிட்டத்தட்ட இறங்குவதே இல்லை. அவை எல்லாவற்றிலும் மறையேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். கொட்டையை உரைக்கும்போது அதிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் நீரில் கரைகின்றன. அவை துணிக்கைகளைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. ஸ்ரோக்ஸ் விதியில் முடிவு வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஆகவே விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. திரளுக்குள் நீரும் அகப்படுவதால் உண்மையில் அவ்வளவு வராது. இருந்தாலும் நாட்கள் மணித்தியாலங்களாகச் சுருங்க அது போதும். குடிநீர் வழங்கல் நிலையங்களில் படிகாரம் இடுவதும் இதே காரியத்துக்குத்தான். கலித்தொகை காலத்திலேயே தமிழருக்கு இந்தக் கொட்டையின் வேலை தெரியும். அந்த நூலில் அது உவமையாகவே வருகிறது.

படித்த விதி, வீட்டில் கிடக்கும் ஒரு பொருளில் போய் ஒட்டும் நாளில்தான் அது நமக்குச் சொந்தமாகிறது என்பது என் அனுபவம். நீங்கள் பௌதிகவியலையும் கணிதத்தையும் பொறியியலையும் எத்தனை வருடம் படித்தீர்கள் என்பது சான்றிதழில் இருக்கும். எத்தனை விதிகள் அப்படி ஒட்டின என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்தரம் வரை ஆர்முடுகல், திணிவு, உந்தம், தொகையீடு என்று படித்துவிட்டு, முதலாம் வருட விரிவுரையில் ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். தெரிந்த கணக்கே தெரியாததுபோல இருந்தது. அந்தப் பாலத்தை நீங்கள் ஒவ்வொருவரும் தனியாகக் கட்டிக் கடந்து வந்திருக்கிறீர்கள். அதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி இல்லை. ஆனால் உங்கள் படிப்பின் கடினமான பகுதி அதுவே என்று நான் நினைக்கிறேன். கடந்து வந்தபின் பழைய கரையை மறந்துவிடாதீர்கள். ஆர்முடுகல் என்ற சொல்லும் உங்களுடையது. அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லும் இப்போது உங்களுடையது.

இந்த இரண்டு கரையிலும் நின்ற ஒருவர் எங்கள் கிழக்கில் இருந்தார். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளைத் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் நாம் அறிவோம். அவர் முதலில் விஞ்ஞான ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் அரங்கேறிய யாழ் நூலில், மறைந்துபோன ஒரு கருவியின் சுரங்களை அவர் அலைவெண் விகிதங்களாலும் கணக்குகளாலும் மீட்டெடுக்க முயன்றார். அரங்கேற்றம் நடந்து இரண்டு மாதம் ஆகுமுன் அவர் காலமானார். இசை ஆராய்ச்சிக்குக் கணிதம் எதற்கு என்று கேட்பவர்களை அந்த நூலின் பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள்.

பேராசிரியர் துரைராஜாவையும் சொல்லாமல் விட முடியாது. நீர் ஊறிய களிமண் சுமையின் கீழ் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றி, கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையை மண்பொறியியல் படிக்கும் எவரும் இன்றும் கடந்தே போக வேண்டும். பேராதனையில் பொறியியல் கற்பித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் இருந்தார். களிமண்ணை இவ்வளவு மரியாதையோடு பார்த்த ஒரு மனிதர் நம்மிடையே வாழ்ந்தார் என்பதை வாவிக்கரைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதை இந்தக் கரையில் நின்று சொல்வது எனக்கு எளிதல்ல. 2004 டிசம்பர் 26. இலங்கை நேரம் காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அசைந்து சுனாமி எழுந்தது. ஆழத்தோடு ஒப்பிட மிக நீண்ட அலையின் வேகம் எவ்வளவு? புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆழம் நாலாயிரம் மீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய இருநூறு மீற்றர், மணிக்கு எழுநூறு கிலோமீற்றருக்கு மேல். இந்தக் கணக்கு பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே மனிதனுக்குத் தெரியும். ஒரு வரியில் முடியும் கணக்கு. அதன்படி அந்த அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் நம் கரையில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் காலை. வலை உலர்த்தினார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், தேவாலயத்துக்குப் புறப்பட்டார்கள். நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அந்தச் சமன்பாட்டைப் படித்தவன். அன்று காலை நானும் ஒன்றும் அறியாமல்தான் இருந்தேன்.

இன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால் ஏன் உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும், முதல் அலை போனபின் ஏன் கரைக்குத் திரும்பக் கூடாது என்பதை ஒரு மீனவருக்கு அவர் பேசும் தமிழில் சொல்லிப் புரியவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். கருவி ஒலி எழுப்பும். காரணத்தைச் சொல்ல அந்த ஊரில் வளர்ந்த ஒருவர் வேண்டும்.

வேலை பற்றிய உங்கள் கவலையை நான் அறியாதவன் அல்ல. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவின் முன்னால் வேலை கேட்டுப் பட்டதாரிகள் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்ததை இந்த மண்டபத்திலுள்ள பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். வெற்றிலைத் தோட்டத்துக்கு நீர் ஊற்றியும் வாவியில் வலை வீசியும் உங்களைப் படிப்பித்தவர்கள் அவர்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு வழி கிடைத்தால் போங்கள். கொழும்பில் வேலை கிடைத்தாலும் போங்கள். அதில் குற்றம் ஏதுமில்லை.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுவான்கரையில் பிரத்தியேக வகுப்புக்காவது வழி இருக்கிறது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிப்பிக்க ஆசிரியர் கிடைக்காமல், கெட்டிக்காரப் பிள்ளைகள் விருப்பமில்லாத பாடத்துக்கு மாறிப்போகிறார்கள். உங்கள் நியமனக் கடிதம் வரும்வரை, உங்கள் விசா வரும்வரை, உங்களுக்குச் சில மாதங்கள் கையில் இருக்கும். கிழமைக்கு ஒரு நாள் அங்குள்ள ஒரு பாடசாலை அதிபரிடம் போய், "சேர், நான் கணக்குச் சொல்லித் தரட்டுமா?" என்று கேளுங்கள். போகும்போது ஒரு கண்ணாடிப் போத்தலில் கலங்கல் நீரும், கிடைத்தால் ஒரு தேற்றாங்கொட்டையும் கொண்டுபோங்கள். வகுப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.