பூதம் வருமுன் பயம் வரவேண்டும்

(கோவில்பட்டியில் இளைஞர்களும் ஆசிரியர்களும் கூடிய சினிமா ரசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராட்சத மிருகங்கள் வரும் படங்களைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குழந்தைகள் பார்க்கும் வேடிக்கையில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, நிரம்ப இருக்கிறது! கோடிக்கணக்கான மக்கள் காசு கொடுத்துக் கொட்டகைக்குள் போய், இருட்டில் உட்கார்ந்து பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்குவது எப்படி? உண்டாக்குவது எதற்காக? இதைத் தெரிந்துகொண்ட ரசிகன் நல்ல படத்தையும் மோசடிப் படத்தையும் பிரித்தறிவான். நாளைக்குத் தானே ஒரு படம் எடுக்கவும் துணிவான். கையிலுள்ள செல்போனிலேயே குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகவே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மிருகம் எத்தனை பனை உயரம் என்பதிலிருந்து பயம் பிறப்பதில்லை. அது யாருடைய வாழ்வை அழிக்கப் போகிறதோ அந்த மனிதர்களை நாம் முன்கூட்டியே அறிந்திருக்கிறோமா, அதிலிருந்துதான் பயம் பிறக்கிறது.

கரிசல் காட்டுப் பாடம்

இதைக் கற்றுக்கொள்ள ஹாலிவுட்டுக்குப் போகவேண்டியதில்லை. நம் ஊர்க் கிழவிகள் பேய்க்கதை சொல்வதைக் கேட்டிருக்கிறீர்கள். எடுத்த எடுப்பிலேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்துவார்களா? மாட்டார்கள். முதலில் ஒற்றையடிப் பாதை. அதிலே தனியாக வருகிற ஒரு சம்சாரி. அவன் கையில் சந்தையில் வாங்கிய கருவாடு. வீட்டிலே பிள்ளைகள் சோற்றுக்குக் காத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு காலடிச் சத்தம். அவன் நின்றால் அதுவும் நிற்கிறது. நடந்தால் அதுவும் நடக்கிறது. பிறகு ஒரு குரல், சுண்ணாம்பு கேட்கிறது. இந்த இடத்திலேயே கேட்கிற பிள்ளைகள் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொள்வார்கள். பேய் இன்னும் வரவே இல்லை!

சுடலைமாடன் கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் சாமியாடி வேட்டைக்குப் புறப்படுகிறார். எதிரே யாரும் வரக்கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. வீட்டுக்குள் இருப்பவன் எதைப் பார்க்கிறான்? ஒன்றையும் பார்ப்பதில்லை. மணிச் சத்தம் தூரத்தில் கேட்கிறது. தெருமுனைக்கு வருகிறது. கதவிடுக்கில் பந்தத்தின் வெளிச்சம் ஓடி மறைகிறது. அவ்வளவுதான். நம்பிக்கை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அந்த நேரம் நெஞ்சு படபடக்கிறது.

இந்த மண்ணும் ஒரு பாடம் சொல்கிறது. மழை பெய்தால் கரிசல் களியாகிக் காலைக் கவ்வும். ஈரத்தில் பதிந்த தடம், வெயிலில் காய்ந்ததும் அச்சு வார்த்ததுபோல் இறுகி நிற்கும். போன மிருகம் போய்விடும். தடம் இருந்து பேசும். சத்தம், வெளிச்சம், தடம், அதைக் காண்கிற மனிதனின் முகம்: திகிலுக்கு வேண்டிய கருவிகள் இவையே. இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை.

சேலத்தில் வந்த மாம்மத்

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட படம் எடுத்ததுண்டா? உண்டு. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம், அமெரிக்கக் கம்பெனியுடன் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. டைரக்டர் வில்லியம் பெர்க். ராட் கேமரான், சீசர் ரொமெரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள்.

கதையின் கரு அருமையானது. காட்டு யானைகள் கூட்டம் கூட்டமாக வெறிகொண்டு ஓடி, கிராமங்களை மிதித்து அழிக்கின்றன. யானைக்கு ஏன் இந்த வெறி? வேட்டைக்காரன் ஒருவன் சொல்கிறான்: யானைகளே எதற்கோ அஞ்சி ஓடுகின்றன, பூமியிலிருந்து என்றோ அற்றுப்போன மாம்மத் என்னும் ரோம யானைகள் உள்காட்டில் உயிரோடு இருக்கின்றன. யாரும் நம்புவதில்லை. அவன் மீதே சந்தேகம் விழுகிறது.

இது எவ்வளவு நல்ல தொடக்கம் என்று யோசியுங்கள். யானையைவிடப் பெரிய மிருகம் நம் மக்களுக்குத் தெரியாது. அந்த யானையே பயந்து ஓடுகிறது என்றால், துரத்துவது எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்! ஒரு அங்குலம்கூட மாம்மத்தைக் காட்டாமலே அதன் பலத்தை நிலைநாட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்த முதலைக் கட்டிக் காப்பாற்றவில்லை. நடுவே காட்டு மிருகங்களின் காட்சிகளைச் சேர்த்து நேரத்தை நிரப்பினார்கள். தொடக்கத்தில் மூட்டிய பயம் ஆறிப்போகிறது. கடைசியில் வரும் மாம்மத்துகள், ரோமம் போர்த்திய நிஜ யானைகள். வேஷம் மட்டமானது என்பதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். மிதிபட்ட கிராமத்து மக்களைப் படம் மறந்துவிட்டதே, அதுதான் குறை. வெளியூர் வேட்டைக்காரனும் இளவரசியும் முன்னே நிற்க, வீடிழந்த குடியானவன் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிப்போகிறான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் தெரியாதவனுக்காக எப்படிப் பதறுவது?

காட்டாமல் காட்டுவது

வேறு தேசத்து அனுபவத்தையும் பார்ப்போம். 1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்தில் ராட்சதக் குரங்கு தோன்றுவதற்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகிறது. அதற்கு முன் ஒரு தீவு. தீவின் குறுக்கே பிரம்மாண்டமான மதில். அதில் கனத்த தாழ்ப்பாள் போட்ட கதவு. இவ்வளவு பெரிய மதிலை எதற்குப் பயந்து கட்டினார்கள்? மதில்தான் முதலில் பயமுறுத்துகிறது. பின்னால் வரும் காங், பல காட்சிகளில் ஒன்றரை அடி உயரப் பொம்மை!

1975-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஜாஸ்’ படத்தில் இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதாயிற்று. சுறா இல்லாமலே காட்சிகளை எடுக்கவேண்டி வந்தது. நீரைக் கிழித்து ஓடும் மஞ்சள் பீப்பாய்களும், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்களும் சுறாவின் வேலையைச் செய்தன. 1993-ல் அவரே எடுத்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், டம்ளர் தண்ணீரில் எழும் வளையங்கள் டைனோசரின் வருகையைச் சொல்கின்றன. கிட்டார் தந்தியைக் கீழேயிருந்து மீட்டி அந்த வளையத்தை உண்டாக்கினார்கள்.

நம் ஷங்கரின் ‘2.0’ படத்திலும் (2018) ராட்சதப் பறவை வருவதற்கு முன், மக்கள் கையிலிருக்கும் செல்போன்கள் தாமாகப் பறந்து போகின்றன. தினமும் கையில் வைத்திருக்கும் பொருள் துரோகம் செய்கிறது. பறவையைவிட அதுவே நெஞ்சில் நிற்கிறது.

யாருடைய பயம்?

இனி எதற்காக என்ற கேள்விக்கு வருவோம். 1954 மார்ச் 1-ந் தேதி, பசிபிக் கடலில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 தொழிலாளிகள் மீது கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகின் ரேடியோக்காரர் குபோயாமா, அதே ஆண்டு செப்டம்பரில் மாண்டார். நவம்பரில் டைரக்டர் இஷிரோ ஹோண்டாவின் ‘கொஜிரா’ வெளிவந்தது. உலகம் ‘காட்ஸில்லா’ என்று அழைக்கும் மிருகம் அப்படித்தான் பிறந்தது.

அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது? ஒரு கப்பல். தொழிலாளிகள் ஓய்வாக இருக்கிறார்கள். கடலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். கப்பல் எரிந்து மூழ்குகிறது. தேடிப்போன கப்பலும் மூழ்குகிறது. கரையில் குடும்பத்தார் கம்பெனி வாசலில் நின்று, என்ன ஆயிற்று என்று கதறுகிறார்கள். ஒரு தீவில் கிழவர் கொஜிரா என்கிறார். இளையவர்கள் கேலி செய்கிறார்கள். புயலடிக்கும் இரவில் வீடுகள் நொறுங்குகின்றன. மறுநாள் மண்ணில் ஒரு பெருந்தடம். அதில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டுகிறது. இத்தனைக்கும் பிறகே, படம் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல், மலை முகட்டில் தலை தெரிகிறது. அதன் உறுமல், வாத்தியத்தின் தந்தியைத் தோலுறையால் தேய்த்து உண்டாக்கிய ஒலி.

ஆடை மாட்டிய மனிதன்தான் கொஜிரா என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் டோக்கியோ எரியும்போது, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்கிறாளே ஒரு தாய், அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் கண்ட மக்களின் பயம் அது.

அமெரிக்க முதலாளிகள் இந்தப் படத்தை வாங்கி என்ன செய்தார்கள்? 1956-ல் பல காட்சிகளை வெட்டினார்கள்; அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவனைப் புகுத்தினார்கள்; அணுகுண்டைப் பற்றிய பேச்சைக் குறைத்தார்கள். மிருகம் மிஞ்சியது, காரணம் மங்கியது. காரணத்தை மறைத்த பயம் மனிதனைக் குனிய வைக்கும். காரணத்தைக் காட்டுகிற பயம் அவனைக் கேள்வி கேட்க வைக்கும். ‘ஜாஸ்’ படத்திலும் பாருங்கள், சுறா இருப்பது தெரிந்தும், வியாபாரம் கெட்டுவிடும் என்று கடற்கரையைத் திறந்து வைக்கிறார் நகர மேயர். அந்த இடத்தில் சுறாவைவிட மேயர் மீதுதான் நமக்கு நடுக்கம் வருகிறது.

நீங்கள் எடுங்கள்

இளைஞர்களே! நம் ஊரில் காடு என்றால் வனம் இல்லை. கம்பும் பருத்தியும் உளுந்தும் விளையும் புன்செய்தான். அங்கே ஒரு செம்மறிக் கிடையை வையுங்கள். காவலுக்கு ஒரு பெரியவர், ஒரு பையன். ஆடுகள் யாருடையவை, ஒன்று செத்தால் யார் கடன்படவேண்டும் என்பதை இரண்டு பேச்சில் சொல்லிவிடுங்கள். பிறகு, எல்லா இரவும் குரைக்கும் நாய் அன்று குரைக்கவில்லை. படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஒரே திசையைப் பார்க்கின்றன. பெரியவர் பீடியை மண்ணில் அழுத்தி அணைக்கிறார்.

“என்ன சின்னையா?”

“பேசாம இருடா.”

விடிந்ததும் தடத்தைக் காட்டுங்கள். அதற்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கட்டும். தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக இருட்டிலேயே வந்து நிற்கும் பெண்கள், அதைச் சுற்றிக்கொண்டு நடக்கட்டும். பயமாக இருந்தாலும் வேலைக்குப் போயாக வேண்டுமே!

மிருகத்தை எப்போது காட்டுவது என்று கேட்பீர்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியாவது பத்திரமாக வீடு திரும்பவேண்டும் என்று கொட்டகை முழுவதும் தவிக்கிறதே, அப்போது காட்டுங்கள். அதற்கு முன் காட்டினால் அது வெறும் பொம்மை. அது எங்கிருந்து வந்தது, யார் செய்த வினை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மக்கள் பயப்படுவார்கள்; பயந்ததோடு நில்லாமல், வெளியே வந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். அப்படிப் பேசவைக்கும் படத்தை இந்தக் கரிசல் மண்ணிலிருந்து நீங்கள் எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.