வலிக்காத பல்லுக்கு எக்ஸ்ரே எதுக்கு?

(ஊக்குநர், பிரதிநிதி கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



பல்லைப் பத்திப் பேசினாலே நமக்கெல்லாம் சொத்தையும் வலியும்தான் ஞாபகம் வரும். வலியே இல்லாமல் பல்லைப் பறிக்கிற கோளாறு ஒண்ணு இருக்கு. வேர் கரைதல் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றித்தான் நாங்கள் இன்று சொல்லப் போகிறோம்.

பிள்ளைக்கு விழுந்த பால் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். வேர் அநேகமாக இருக்காது. அடியில் புதுப்பல் வருவதற்காக அந்த வேரை உடம்பே கரைத்துவிடுகிறது. அது இயற்கை. ஆனால் விழுந்து முளைத்த பல்லின் வேர் கரைந்தால் மறுபடி வளராது.

எதனால் கரையும்?

1. கீழே விழுந்து அல்லது பந்து பட்டுப் பல்லில் பலத்த அடி.
2. கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துவது. பெரும்பாலோருக்கு நுனியில் கொஞ்சம்தான் குறையும், சிலருக்கு அதிகமாகும்.
3. வெளியே வராத சிங்கப்பல்லோ ஞானப்பல்லோ பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவது.
4. பல்லுக்குள் நாள்பட்ட அழற்சி, சீழ்.

"வலிக்கலையே, ஆடலையே, எதுக்கு வீண் செலவு?" என்று கேட்போம். பல் ஆடுகிற நேரத்தில் வேரில் பெரும்பகுதி போயிருக்கும். அதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கத்தான் எக்ஸ்ரே.

வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படத்திலேயே மூன்று நான்கு பல்லின் வேர் தெரியும். நல்ல வேர் நீண்டு, ஓரம் சீராக இருக்கும். கரைந்த வேர் குட்டையாக, எலி கடித்த மாதிரி இருக்கும். சில சமயம் வேருக்குள் ஓடும் கறுப்புக் கோடு நடுவில் உப்பித் தெரியும். அது உள்ளேயிருந்து கரைவது. உள்ளேயா வெளியேயா என்று தெரிய, டாக்டர் பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு படம் எடுப்பார். காசு பிடுங்கத்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆரம்பக் கரைவு ஒரே படத்தில் தெரியாமல் போகலாம். அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அடிபட்டு முழுசாக வெளியே வந்து மறுபடி பொருத்திய பல்லுக்கு 2 வாரம், 4 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம், பிறகு வருடம் ஒரு முறை என்று குறைந்தது 5 வருடம் பார்க்கணும். கிளிப் போடுமுன் ஒரு படம், போட்டு சுமார் 6 மாதத்தில் ஒரு படம் தேவையா என்று கேளுங்கள். அதிகம் கரைந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் இழுப்பை நிறுத்தி வைப்பார்கள்.

கதிர்வீச்சு பயமா? ஒரு சின்னப் படத்தில் படுவது, இயற்கையில் ஒரு நாளில் நம் மேல் படுகிற அளவை ஒட்டியதுதான். ஆனாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீங்க. முளைத்த பல் அடிபட்டு வெளியே வந்துட்டா, வேரைத் தொடாமல் மேல்பக்கம் பிடித்துப் பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காய்ந்துபோன பல்லைப் பொருத்தினாலும் வேர் கரைவது அதிகம். பால் பல்லைத் திரும்பப் பொருத்த மாட்டார்கள்.

பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். குழுவின் கணக்கைப் பழைய வரவு செலவோடு ஒத்துப் பார்க்கிறோமே, அது மாதிரி பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் வேர் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

கையில் பணம் இல்லையென்று தள்ளிப் போட வேண்டாம். அரசுத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, கடலூர், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவசரத்துக்கு நம்ம குழுவின் உள்கடன் இருக்கு.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வீட்டுப் பிள்ளைக்குப் பல்லில் அடிபட்டதா? படம் எடுத்தீங்களா?" எடுக்காதவர்களை அனுப்பி வைப்போம்.